லேசா ஹார்ட்டு

ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், உத்தமனுக்கு ஹார்ட் என்று. பதினான்கு மாதமாக இது ஊரறிந்த விஷயம். ஊரில் இது தெரியாத ஒரே ஆள் உத்தமனுடைய ஹார்ட்தான். மூன்று தடவை ஈசிஜி எடுத்தார்கள், எக்கோ பார்த்தார்கள், டிரெட்மில்லில் ஏற்றி ஓடவும் விட்டார்கள். அதன்மேல் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை.

குறை மனசில் இருந்தது. டாக்டரம்மா அதற்கு மனச்சோர்வு என்று பெயர் சொன்னார். காலையில் கண் விழித்தால் எழுந்து பல் தேய்ப்பதே பெரிய வேலையாகத் தெரியும். சோறு வாயில் மண்ணாக இருக்கும். பிடித்த பாட்டு, பிடித்த சட்டை, பிடித்த மனுஷன், எதுவும் பிடிக்காது. அது போதாதென்று நடுநடுவே சொல்லாமல் கொள்ளாமல் பேனிக் அட்டாக் வேறு. நெஞ்சு தடதடக்கும், விரல் மரத்துப்போகும், மூச்சு பாதியில் நிற்கும், இதோ செத்தேன் என்று தோன்றும். பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் சாகாமல், சட்டை தொப்பலாக நனைந்து உட்கார்ந்திருப்பான்.

"மனச்சோர்வு தெருவுல தேங்குன தண்ணி மாதிரி. மெதுவாத்தான் வடியும். அட்டாக் திடீர்னு அடிச்சிட்டுப் போற மழை. ரெண்டுக்கும் சேர்த்துத்தான் வைத்தியம் பண்றோம்" என்றார் டாக்டரம்மா. மழையையும் தேங்கின தண்ணீரையும் பற்றி ஆவடிக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. உத்தமனுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

அப்படியானால் இந்த ஹார்ட் எங்கிருந்து வந்தது? அவன் மனைவி கண்ணம்மாவின் வாயிலிருந்து வந்தது.

உத்தமன் ஃபேக்டரியில் டர்னர். வாரத்தில் ஆறு நாள் லேத் மிஷினோடு மல்லுக்கட்டுவான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவன் வேறு ஆள். திருநின்றவூரிலிருந்து பூந்தமல்லி வரை எந்த மைதானத்தில் டென்னிஸ் பால் டோர்னமென்ட் நடந்தாலும் மைக் உத்தமன் கையில்தான் இருக்கும். மேட்ச் மொக்கையாக இருந்தாலும் அவன் வர்ணனைக்காக ஆட்கள் நிற்பார்கள். அவனிடம் ஒரு கொள்கை இருந்தது. கையில் எடுத்த மைக்கை ஓவர் முடியாமல் கீழே வைக்கக் கூடாது. தூறல் விழுந்தாலும் சரி, ரன் அவுட்டுக்கு இரண்டு டீமும் சட்டையைப் பிடித்துக்கொண்டாலும் சரி, ஆறு பந்தும் முடிந்த பிறகுதான் தண்ணீர் குடிப்பான்.

அந்தக் கொள்கை போன வருஷம் செமிஃபைனலில் உடைந்தது. நாலாவது ஓவர், மூன்றாவது பந்து. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மைக்கை மேஜையில் போட்டான், நாற்காலியோடு சரிந்தான். ஆம்புலன்ஸ் வந்தது. மைதானமே அழுதது. ஆஸ்பத்திரியில் ராத்திரி முழுக்கச் சோதித்துவிட்டு, "இதயம் நல்லா இருக்கு, மனநல டாக்டரைப் பாருங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

மறுநாள் காலையில் கண்ணம்மா ஆஸ்பத்திரிப் பையோடு மாடிப்படி ஏறும்போது இரண்டாவது மாடி எழிலரசி வழியை மறித்தாள்.

"இன்னாக்கா ஆச்சு அண்ணனுக்கு?"

கண்ணம்மா ஒரு நொடி தயங்கினாள். கையிலிருந்த சீட்டில் எழுதியிருந்தது நினைவுக்கு வந்தது. அதைச் சொன்னால் நாளைக்கே மெண்டல் என்பார்கள் என்று பயந்தாள். "ஒண்ணுமில்லமா, லேசா ஹார்ட்டு" என்றாள்.

அவ்வளவுதான். அவள் மூன்றாவது மாடிக்குப் போய்ச் சேருவதற்குள் செய்தி நாலு பிளாக் தாண்டிவிட்டது. சாயங்காலம் உரித்த பூண்டு வந்தது. அடுத்த நாள் பூண்டு ஊறுகாய், அதற்கடுத்த நாள் பாலில் பூண்டு வேகவைப்பது எப்படி என்று ஒரு வீடியோ. உத்தமனைக் கேஸ் சிலிண்டர் தூக்கவிட மாட்டார்கள். கேரம் ஆடும்போது அவன் காய் விழாவிட்டாலும் விழுந்தது என்பார்கள். டோர்னமென்ட் கமிட்டி செக்ரட்டரி நாகேந்திரனுக்கு நிஜமாகவே ஹார்ட், இரண்டு ஸ்டென்ட் வைத்தவர். அவருக்குத் துணை கிடைத்த சந்தோஷம் தாங்கவில்லை. "நாம ரெண்டு பேரும் ஒரே கட்சி உத்தமன்" என்று தோளில் தட்டுவார், அதுவும் மெதுவாக.

உத்தமனுக்கு இதெல்லாம் வெட்கமாக இருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. ஹார்ட் என்றால் மரியாதை இருக்கிறது, மனசு என்றால் சிரிப்பார்கள் என்று அவனும்தான் நம்பினான். மாதம் ஒரு தடவை யாருக்கும் தெரியாமல் டாக்டரம்மாவைப் பார்த்தான், தினம் மாத்திரை போட்டான். எட்டாவது மாதத்தில் ஒருநாள் ரசம் புளிக்கிறது என்று சொன்னான். கண்ணம்மா அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். சோற்றில் ருசி தெரிந்து அவன் சொன்ன முதல் குறை அது.

மைக் பக்கம் மட்டும் போகவில்லை. அரைகுறையாக விட்ட அந்த ஓவர் அவனுக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

இந்த வருஷம் ஃபைனலுக்கு இரண்டு நாள் முன்னால் ஃபாரூக் வீட்டுக்கு வந்தான். பூந்தமல்லியில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருப்பவன். இருபது வருஷமாக உத்தமனுக்கு மைக், ஆம்ப்ளிஃபையர் எல்லாம் அவனுடையதுதான். வந்ததும் வராததுமாகப் புலம்ப ஆரம்பித்தான்.

"மாமே, செமியில ஒருத்தன இட்டாந்தாங்கோ பாரு. சிக்ஸர் போவுது, 'பந்து எல்லைக்கோட்டைக் கடந்து சென்றது'ன்றான். நூஸ் வாசிக்கிறான்யா! ஜனம் எயுந்து போயிகினே கீது. ஃபைனல் எங்க பூந்தமல்லிக்கும் உங்க குவார்ட்டர்ஸுக்கும். நீ வர்லன்னா நான் ஸ்பீக்கரயே இறக்க மாட்டேன்."

"என்னால முடியாது ஃபாரூக்கு."

"ஒக்காந்துகினு பேசு. கத்தாத. ஹார்ட்டுக்கு ஒண்ணும் ஆவாது, நான் கீறேன்."

ஃபாரூக் போன பிறகு உத்தமன் நெடுநேரம் ஜன்னலில் நின்றான். கீழே மைதானத்தில் பிட்சுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள். தப்பித்து ஓடின இடத்துக்கெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போய்ப் பாருங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். லோக்கல் டிரெயினுக்குத் திரும்பிப் போயாகிவிட்டது, கல்யாண மண்டபத்துக்கும் போயாகிவிட்டது. மிச்சம் இருந்தது இந்த மைக் ஒன்றுதான்.

"போறேன் கண்ணம்மா" என்றான்.

அவள் காய் நறுக்குவதை நிறுத்தினாள். "அங்க வந்துச்சுன்னா?"

"வந்தா வரட்டும்."

"எல்லாருக்கும் எதிர்ல வந்துச்சுன்னா மறுபடியும் தூக்கிகினு ஓடுவாங்க. இல்லேன்னா நீ உண்மையச் சொல்லணும். யூட்யூப்ல லைவ் வேற போவுது, திருநின்றவூர்ல எங்கண்ணன் ஊட்ல எல்லாரும் பாப்பாங்க. ரெண்டுல எதுன்னாலும் எனக்கு பயமா கீது." மறுபடியும் கத்தியை எடுத்து, "நீ மைக்குல பேசி எவ்ளோ நாளாச்சு" என்றாள். அதைத் தடை என்று எடுத்துக்கொள்வதா, அனுமதி என்று எடுத்துக்கொள்வதா என்று உத்தமனுக்குத் தெரியவில்லை. அவளுக்கே தெரிந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மைதானம் நிரம்பிவிட்டது. குவார்ட்டர்ஸ் மாடிகளில் துணி காயப்போடும் கம்பிக்குப் பின்னால் வரிசையாகத் தலைகள். சிறந்த கேட்சுக்குப் பரிசான சேவல், காலில் கயிறோடு மேஜைக்குக் கீழேயே நின்று கொக்கரித்தது. உத்தமன் மைக்கைக் கையில் எடுத்தான். ஃபாரூக் சுவிட்சைப் போட்டான். நாலு திசையிலும் ஹார்ன் ஸ்பீக்கர் கரகரத்தது.

"ஆவடி! இன்னா, சத்தத்தையே காணோம்? நான் இல்லாம எல்லாரும் தூங்கிட்டீங்களா?"

அதற்கு எழுந்த சத்தத்தில் சேவல் வாயை மூடிக்கொண்டது. உத்தமனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பதினான்கு மாதமாகச் செத்துக் கிடந்த ஏதோ ஒன்று நெஞ்சுக்குள் சோம்பல் முறித்தது. சந்தோஷம்தான் அது, வேறொன்றும் இல்லை. அதன் முகமே அவனுக்கு மறந்துபோயிருந்தது.

எட்டு ஓவர் மேட்ச். பூந்தமல்லி எழுபத்தெட்டு அடித்தது. குவார்ட்டர்ஸ் டீம் துரத்தியது. உத்தமன் பின்னியெடுத்தான். விக்கெட் கீப்பர் விட்ட கேட்சைப் பார்த்து, "தம்பி கைக்கு எண்ணெய் தேச்சிகினு வந்துட்டாரு" என்றான். அம்பயர் வைடு கொடுக்க யோசித்தபோது, "சார் வீட்டுக்கு போன் போட்டுக் கேக்கறாரு" என்றான். மூன்றாவது மாடியில் கண்ணம்மா சிரிப்பது அவனுக்குத் தெரிந்தது. ஏழு ஓவர் முடிந்தபோது குவார்ட்டர்ஸ் அறுபத்தேழு. கடைசி ஓவரில் பன்னிரண்டு ரன் வேண்டும். பேட் பிடித்து நிற்பவன் விக்ரம், குவார்ட்டர்ஸின் செல்லப்பிள்ளை. பந்து போடப் போகிறவன் பூந்தமல்லி அஸ்கர், இடது கை, புயல் வேகம்.

அந்த நேரம் பார்த்து மைதானத்தின் ஓரத்தில் ஒரு ஆம்புலன்ஸ் பின்னால் நகர்ந்து வந்து நின்றது. மேலே நீல விளக்கு சுற்றியது.

அதற்கு ஏற்பாடு செய்தவர்கள் ஃபாரூக்கும் நாகேந்திரனும். மேட்ச் முடியப் போகிறது, டென்ஷன் ஏறும், உத்தமனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று கமிட்டியில் தீர்மானமே போட்டிருந்தார்கள். அவனிடம் சொன்னால் பயந்துவிடுவான், சொல்ல வேண்டாம் என்பது தீர்மானத்தின் இரண்டாவது வரி. பாசம்தான். அந்தப் பாசத்துக்கு நீல விளக்கை அணைத்து வைக்கலாம் என்று தோன்றவில்லை.

உத்தமனின் இடது சுண்டுவிரல் மரத்தது. எப்போதும் அங்கேதான் ஆரம்பிக்கும். அப்புறம் கழுத்து இறுகியது. நெஞ்சு தடதடவென்று அடித்தது. போன வருஷத்து மேஜை, போன வருஷத்து நாற்காலி, போன வருஷத்து விளக்கு. ஓடு, ஓடு என்றது உடம்பு. மைக்கைப் போட்டுவிட்டு ஓடு.

"மாமே!" ஃபாரூக் பார்த்துவிட்டான். "மூஞ்சி ஏன் இப்டி வெளுத்துகினு போவுது? யோவ், ஸ்ட்ரெச்சர எடுத்தாங்கயா!"

நாகேந்திரன் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். சட்டைப் பையிலிருந்து நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையைப் பிரித்தார். "நாக்கத் தூக்குங்க உத்தமன், நாக்கத் தூக்குங்க!" அம்பயர் இரண்டு கையையும் தூக்கி ஆட்டத்தை நிறுத்தினார். அஸ்கர் ஓடிவந்த வேகத்தில் பாதியில் நின்றான். மாடிகளில் பெண்கள் வாயில் கை வைத்தார்கள். ஸ்ட்ரெச்சர் புல்லில் தடதடத்துக்கொண்டு வந்தது.

உத்தமன் மைக்கை இறுகப் பிடித்தான். இன்னும் ஐந்து நொடி சும்மா இருந்தால் அவனைப் படுக்கவைத்துத் தூக்கிவிடுவார்கள். இன்னொரு ஓவர் பாதியில் போகும். அதற்கப்புறம் எந்த மைதானத்திலும் யாரும் மைக்கைத் தரமாட்டார்கள், அவனும் கேட்கமாட்டான். எதிரே மூன்றாவது மாடியில் கண்ணம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு ஸ்பீக்கர் நேராக அவளைப் பார்த்துதான் கட்டப்பட்டிருந்தது.

வாயைத் திறந்தான். முதலில் வந்தது காற்றுதான். நாலு ஸ்பீக்கரிலும் உஸ்ஸென்று அடித்தது.

"நிறுத்துங்க. ஸ்ட்ரெச்சர நிறுத்துங்க." குரல் அவனுடையது மாதிரியே இல்லை. "எனக்கு ஹார்ட் இல்ல."

மைதானம் அப்படியே நின்றது.

"எனக்கு எப்பவும் ஹார்ட் இல்ல. டிப்ரெஷன். மனச்சோர்வு. ஒரு வருசத்துக்கு மேல மாத்திர போடறேன். இப்ப வந்துகீறது பேனிக் அட்டாக். போன வருசம் வந்ததும் இதான். சாவற மாதிரிதான் இருக்கும், சாவ மாட்டேன். ஏறும், இறங்கும். பத்து நிமிசம்." மூச்சு வாங்கினான். "நாகேந்திரன் சார், மாத்திரைய பையில போடுங்க, அது உங்களுக்கு வேணும். ஆம்புலன்ஸ் அண்ணே, கோச்சிக்காதீங்க, அந்த நீல லைட்ட அமுத்துங்க. மீதிய நான் பாத்துக்கறேன்."

மைதானத்தின் அமைதி உத்தமனுக்கு அட்டாக்கைவிடப் பயமாக இருந்தது. தண்ணீர்த் தொட்டிப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது.

"அப்ப மேட்ச் நடக்குமா நடக்காதா அண்ணாத்தே?"

எங்கோ ஒருத்தன் சிரித்தான். அப்புறம் பத்துப் பேர், அப்புறம் மைதானம். அது அவனைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இல்லை. இத்தனை நாளாக எதற்குப் பயந்தோம் என்று உத்தமனுக்கே புரியவில்லை.

"நடக்கும்!" என்றான். "எனக்கும் ஒரு ஓவர் கீது, அஸ்கருக்கும் ஒரு ஓவர் கீது. ரெண்டையும் சேத்துப் போட்டுறலாம். வாங்க அஸ்கர்!"

நீல விளக்கு அணைந்தது. ஃபாரூக் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

அஸ்கர் ஓடிவந்தான். உத்தமனின் கை நடுங்கியதில் மைக் உதட்டில் இடித்தது. அட்டாக் வந்தால் கண்ணுக்குத் தெரிவதில் ஐந்தைச் சொல்லுங்கள் என்பார் டாக்டரம்மா. வர்ணனைக்காரனுக்கு இதைவிடச் சுலபமான வைத்தியம் உண்டா?

"எனக்கு இன்னா தெரியுது? ஒண்ணு, அஸ்கரோட பச்ச ஷூ. ரெண்டு, ஸ்டம்ப். மூணு, விக்ரம் தம்பி நாக்கக் கடிச்சிகினு நிக்கறாரு. நாலு, அம்பயர் தொப்பி. அஞ்சு, பந்து! காலுக்குள்ள இறக்கிட்டான்! யார்க்கர்! தொடவே முடியல! அஞ்சு பால், பன்னெண்டு ரன்!"

நெஞ்சு இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்தினான். மூச்சை உள்ளே இழுத்ததைவிட மெதுவாக வெளியே விட்டான். அதுவும் ஸ்பீக்கரில் கேட்டது. கேட்டால் கேட்கட்டும்.

"ரெண்டாவது பந்து... தூக்கிட்டான்! தூக்கிட்டான்யா விக்ரம்! போவுது, போவுது, பார்டர்லாம் தாண்டிப் போயி... ஆம்புலன்ஸ் மேலயே வுழுந்துச்சு!"

டமார் என்ற சத்தத்துக்கு டிரைவர் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். மைதானம் துள்ளியது. "ஆம்புலன்ஸுக்கு அடி பட்டுச்சு, அத யாரு தூக்கிகினு போறது?" என்றான் உத்தமன். சொன்ன பிறகுதான், தன் வாயில் ஜோக் வந்துவிட்டதே என்று ஆச்சரியப்பட்டான். அட்டாக் நடக்கும்போது ஜோக் வரும் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை.

மூன்றாவது பந்தில் ஒரு ரன். விக்ரம் எதிர் முனைக்குப் போய்விட்டான். நாலாவது பந்தைக் கடைசி ஆட்டக்காரன் கண்ணை மூடிக்கொண்டு சுற்றினான். மட்டையில் படவில்லை, கீப்பர் கையிலும் நிற்கவில்லை. "ஓடு, ஓடு, யாரு கூப்பிட்டாலும் நிக்காம ஓடு! ஒண்ணு!" இரண்டு பந்து, நாலு ரன். இப்போது அட்டாக் உச்சியில் இருந்தது. கண்ணோரம் இருட்டியது, காதுக்குள் இரைந்தது. செத்துவிடுவோம் என்ற எண்ணம் வந்து முன்னால் நின்றது. உத்தமன் அதை விரட்டவில்லை. நில், உன்னைத் தெரியும் எனக்கு என்று நினைத்தான். அஸ்கரைப் பார்த்தான்.

"அஞ்சாவது பந்து. நேரா தட்டி வுட்டான். ஒண்ணு எடுத்தாச்சு, ரெண்டாவது கீதா? கீது! டைவ்! புழுதி! அம்பயர் இன்னா சொல்றாரு? உள்ள! ஒரு பால், ரெண்டு ரன். ஒரு பால்தான் ஆவடி, ரெண்டு ரன்தான் பூந்தமல்லி!"

இந்தப் பக்கம் விசில், அந்தப் பக்கம் மேளம். ஃபாரூக் நாற்காலியின் முதுகைப் பிடித்து ஆட்டினான். மைக்கைப் பிடித்தவனுக்குக் கட்சி கிடையாது, ஆனால் இதயம் உண்டு. அது அடித்த அடியில் பாதி அட்டாக்குக்காக, பாதி மேட்சுக்காக. எது எவ்வளவு என்று பிரிக்க உத்தமனால் முடியவில்லை.

"வர்றாரு அஸ்கர்... போட்டாரு... அடிச்சாரு விக்ரம், ஒசரம், ரொம்ப ஒசரம், கீழ ஒரு ஆள் ஓடறாரு, பின்னால போறாரு, இன்னும் பின்னால, கைய நீட்டறாரு... புட்சிட்டாரு! ஒத்தக் கையில புட்சிட்டாரு! பூந்தமல்லி ஜெயிச்சிச்சு! ஒரு ரன்னுல பூந்தமல்லி!"

பூந்தமல்லி ஆட்கள் மைதானத்துக்குள் வெள்ளமாகப் பாய்ந்தார்கள். ஃபாரூக் ஆம்ப்ளிஃபையரைத் தாண்டிக் குதித்து இரண்டு ஆட்டம் போட்டான். அப்புறம் ஏதோ நினைவு வந்து திரும்பிப் பார்த்தான். உத்தமன் இன்னும் அதே நாற்காலியில், மைக்கை இரண்டு கையாலும் பிடித்தபடி நடுங்கிக்கொண்டிருந்தான். கப்புக்காக மேடைக்கு வந்த பூந்தமல்லி கேப்டன் மைக்கைக் கேட்டுக் கையை நீட்டினான்.

"ஒரு நிமிசம் தம்பி" என்றான் உத்தமன். "உங்க மேட்ச் முடிஞ்சிச்சு. என்னோடது முடியல. இன்னும் ரெண்டு பால் கீது."

கேப்டன் கையை இழுத்துக்கொண்டான். மேளம் அடித்தவனைப் பார்த்து வாயில் விரல் வைத்தான். மேளம் நின்றது, விசில் நின்றது. ஜெயித்தவர்களும் தோற்றவர்களும் ஐநூறு பேர் புல்லில் நின்ற இடத்திலேயே நின்றார்கள். ஸ்பீக்கரில் உத்தமனின் மூச்சு மட்டும் போய்வந்தது. அதோடு பிளாக்கின் படிக்கட்டில் யாரோ செருப்புத் தேயத் தேய ஓடிவருகிற சத்தம் கேட்டது.

"அண்ணாத்தே, இப்ப எத்தினி பால்?" என்றது தொட்டிப் பக்கத்துக் குரல், இந்தத் தடவை மெதுவாக.

"ஒண்ணு." மறுபடியும் நெஞ்சு ஒரு குதி குதித்தது. "இல்ல, வைடு. திரும்பப் போடணும்."

சிரித்தார்கள், ஆனால் சத்தமில்லாமல். ஓடிவந்தது கண்ணம்மா. நைட்டி, அதன்மேல் அவசரத்துக்கு இழுத்துப் போட்ட துண்டு. கூட்டம் வழிவிட்டது. அவள் வந்து அவன் முதுகில் கை வைத்தாள். அவன் மூச்சை விட்டான், இழுத்தான், விட்டான். சுண்டுவிரலை மடக்கிப் பார்த்தான். மடங்கியது. விரலில் உணர்ச்சி திரும்பிக்கொண்டிருந்தது.

"முடிஞ்சிச்சு" என்றான்.

கடைசி கேட்சுக்குக்கூட அப்படி ஒரு சத்தம் எழவில்லை. ஃபாரூக் அவன் தலையைப் பிடித்துக்கொண்டு, "ஏண்டா எங்கிட்ட சொல்லல, ஏண்டா சொல்லல" என்று அழுதான். நாகேந்திரன் மாத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு, "அப்ப நம்ம கட்சியில நான் ஒருத்தன்தானா?" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். நாளைக் காலையில் எழுந்து பல் தேய்ப்பது கஷ்டமாகத்தான் இருக்கும், தேங்கின தண்ணீர் ஒரு மேட்சில் வடிந்துவிடாது என்று உத்தமனுக்குத் தெரியும். ஆனால் போன வருஷம் பாதியில் விட்ட ஓவர் முடிந்துவிட்டது. அவன் மைக்கை மேஜையில் வைத்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலை எடுத்தான்.

அந்த நேரத்தில் கண்ணம்மா மேஜையிலிருந்து மைக்கை எடுத்தாள். வாழ்க்கையில் முதல் தடவை. வாய்க்கு மிக அருகில் வைத்ததில் ஸ்பீக்கர் கீச்சென்று கத்தியது. ஃபாரூக் கண்ணைத் துடைத்துக்கொண்டே சத்தத்தைக் குறைத்தான்.

"மூணாவது மாடி கண்ணம்மா பேசறேன்." மாடிகளில் இருந்த தலைகளெல்லாம் அவள் பக்கம் திரும்பின. "ஹார்ட்டுன்னு சொன்னது நான்தான். அவரு சொல்லல. டாக்டர் உண்மையச் சொன்னாங்க, எனக்குத்தான் அத வெளிய சொல்ல பயமா இருந்திச்சு. நான் ஒரு வார்த்த சொல்லப்போயி பதினாலு மாசம் இவரு அத சுமந்துகினு கீறாரு." துண்டால் மூக்கைத் துடைத்தாள். "பூண்டு குடுத்தவங்க எல்லாரும் மன்னிச்சிக்குங்க. இனிமே குடுக்காதீங்க. இவருக்கு பூண்டு வாசனையே புடிக்காது. ஊட்ல ரெண்டு கிலோ கீது, வேணும்னா வந்து எடுத்துக்குங்க. எழிலரசி, நீ ஊறுகா குடுத்த பாட்டில் கழுவித்தான் வச்சிகீறேன்."

மாடியிலிருந்து எழிலரசி, "பாட்டில வுடுக்கா!" என்று கத்தினாள். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று கீழேயிருந்து தெரியவில்லை.

உத்தமன் மைக்கை வாங்கிக்கொண்டு சிறந்த கேட்சுக்கான பரிசை அறிவித்தான். மேஜைக்கடியில் கயிறு சுற்றிக்கொண்டிருந்த சேவலைக் கண்ணம்மாதான் பிடித்துத் தூக்கிக் கொடுத்தாள். பரிசளிப்பு முடிகிறவரை அவள் மேலே போகவில்லை.